வாத்துக்குப் பக்கத்தில் ஒரு 'வா'

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். வயது 41. ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம், 23 பிள்ளைகள். ஒரே அறையில், கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு. காலை உணவு நேரத்தில் கூட இருக்க வேண்டும் என்பதால் எட்டரைக்குள் போய்விடுவேன். வீடு திரும்ப ஐந்தரை ஆகும்.

சின்ன வயதிலிருந்தே வாட்டர்கலர் வரையப் பிடிக்கும். குளம், வயல், மாட்டுக்கொட்டகை என்று வரைந்துகொண்டே இருப்பேன். பள்ளியில் இது தெரிந்ததும் சார்ட், மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), சுவர்ப்படம் எல்லாம் என் பொறுப்பாகிவிட்டன. ஆசையாகத்தான் செய்தேன். பார்வைக்கு வந்த அலுவலர் பாராட்டினார். சுற்றுவட்டார ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சியில் காட்சிக்கு வைத்தார்கள். இப்போது பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் கேட்கிறார்கள்.

கோடை விடுமுறையில் எனக்காக ஒரு குளம் வரையலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில் பார்த்தால், வாத்துக்குப் பக்கத்தில் 'வா' என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்று மூடிய பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

மாலையில் கட்டிலில் சாய்ந்து போனைத் தள்ளித் தள்ளியே ஒன்றரை மணி நேரம் போகிறது. வாட்ஸ்அப் குழுவில் "உடனே அனுப்பவும்" என்று வந்தால் படபடக்கிறது. "அதான் ஸ்கூல்லயே வரையிறியே, அப்புறம் என்ன?" என்கிறார் கணவர். வகுப்புக்கு உதவாத ஒன்றுக்கு நேரம் எடுப்பது சுயநலமோ என்று எனக்கும் தோன்றுகிறது. பிள்ளைகள் மேல் பிரியம் குறையவில்லை. தூக்கம், சாப்பாட்டில் குறையில்லை. எனக்கு என்னதான் ஆயிற்று?

— ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த 'வா'வில் இருக்கிறது. நீங்கள் சோம்பேறியாகிவிடவில்லை. கையும் மறந்துவிடவில்லை. வரைவது என்றாலே 'இது யாருக்கு, எதற்கு' என்று மனம் முந்திக்கொண்டு கேட்கப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமலே கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் வரைவது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே அந்த அலுவலரின் பாராட்டு உங்களைக் கெடுக்கவில்லை. அடுத்த பார்வைக்கு, அடுத்த பயிற்சிக்கு என்று காரணத்தை முன்னால் வைத்துக்கொண்டே வரைந்ததுதான் ஆசையைத் தின்றுவிட்டது.

இன்னொன்று ஓய்வைப் பற்றியது. வேலைக்குப் பிறகு மனிதர் எப்படித் தேறுகிறார் என்பதை சோனென்டாக், ஃபிரிட்ஸ் என்ற உளவியலாளர்கள் 2007இல் நான்காகப் பிரித்தார்கள்: மனம் வேலையை விட்டு விலகுவது, உடல் தளர்வது, ஏதாவது ஒன்றில் கை தேர்வது, நேரம் தன் வசம் இருப்பது. போனைத் தள்ளுவதில் தளர்வு மட்டும் கொஞ்சம் கிடைக்கிறது. பள்ளிக் குழுவும் அதே போனில் இருப்பதால் விலகல் கிடைப்பதில்லை. இரவில் சார்ட் வரைந்தால் கை தேறும், ஆனால் பள்ளி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்காக வரையும் படத்தில் மட்டும்தான் நான்கும் உண்டு. அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் பொருள்களைப் பிரியுங்கள். ஸ்கெட்ச் பேனா, போஸ்டர் கலர், சார்ட் எல்லாம் பள்ளி அலமாரியிலேயே இருக்கட்டும். மிஞ்சிய சார்ட்டில் வரைந்து பார்க்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அது தண்ணீர் பட்டதும் அலையலையாகச் சுருளும். நிறம் பள்ளத்தில் தேங்கும். 'எனக்கு வரவில்லை' என்று நினைப்பீர்கள். குறை காகிதத்தில்தான். தடிமனான 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் காகிதத்தை ஏ5 அளவுக்கு வெட்டி, நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். பெரிய காகிதம் எடுத்தால் ஒரு மாலையில் முடியாது. முடியாத படம் மறுநாள் பாரமாகிவிடும். 8ஆம் எண் வட்ட பிரஷ் ஒன்று, தண்ணீருக்கு இரண்டு டம்ளர், மூன்றே நிறம்: அல்ட்ராமரைன் நீலம், யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). நீலமும் சியன்னாவும் கலந்தால் நல்ல சாம்பல் வரும். கறுப்பு வாங்க வேண்டியதில்லை.

மின்னட்டைக்குத் தடித்த கறுப்புக் கோடும் தட்டையான நிறமும் வேண்டும். அப்போதுதான் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் வாத்து வாத்தாகத் தெரியும். உங்கள் கை அதில் ஊறிவிட்டது. ஆகவே முதல் நான்கு வாரம் பென்சிலும் வேண்டாம், கோடும் வேண்டாம். காகிதத்தை நனைத்து, ஈரத்தின் மேலேயே நிறத்தை விடுங்கள். பாதி காய்ந்த இடத்தை மறுபடி ஈரப் பிரஷால் தொடாதீர்கள். புதிய நீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் மாதிரி கறையாக்கிவிடும். மினுமினுப்பு மங்கியதும் பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டும். புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் இந்தக் காத்திருப்பு நீளும். அந்த நேரத்தில் போன் கைக்கு எட்டாத அறையில் இருக்கட்டும்.

தினமும் வரைவேன் என்று சங்கல்பம் செய்துகொள்ள வேண்டாம். இரண்டு நாள் தவறினால் குற்ற உணர்ச்சி வந்துவிடும். வாரம் இரண்டு முறை, 40 நிமிடம் போதும். செவ்வாயும் சனியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்குமுன், மனதில் ஓடும் பள்ளி வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். 'திருத்தணும்' என்று மட்டும் எழுதினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். 'மொட்டுக் குழுப் பயிற்சி நூல், நாளை மதிய உணவு முடிந்ததும், வகுப்பிலேயே' என்று நேரமும் இடமும் சேர்த்து எழுதுங்கள். அப்படித் திட்டமிட்டால், முடியாத வேலை மனதைக் குடைவது குறைகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011 ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவின் ஒலியை அணைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கும் இரவு எட்டரைக்கும் மட்டும் பாருங்கள். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: "அவசரம்னா போன் பண்ணுங்க சார், குரூப்பை எட்டரைக்குப் பார்த்துடுவேன்." பக்கத்துப் பள்ளிகளுக்கு: "மாதிரியைப் போட்டோ எடுத்து அனுப்புறேன் டீச்சர், வரைஞ்சு தர இந்தப் பருவத்துல முடியாது." காரணம் சொல்லாதீர்கள். வேலை அதிகம் என்றால் "ஞாயித்துக்கிழமை பண்ணிக் கொடுங்க" என்பார்கள். உங்கள் வகுப்புக்கு வாரம் ஒரு சார்ட் போதும். மீதிச் சுவரில் மலர் குழுப் பிள்ளைகள் வரைந்தது தொங்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு எந்தப் படத்தையும் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். யாராவது விலைக்குக் கேட்டாலும் இப்போது வேண்டாம். அரசு ஊழியர் என்பதால் அதற்கு முறைப்படி அனுமதி தேவையா என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அதைவிட, காரணம் மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கணவரிடம் வாதாட வேண்டாம். "செவ்வாய் ஆறேகாலிலிருந்து ஏழு வரை வாசல் கதவு, போன் ரெண்டையும் நீங்க பார்த்துக்குங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள். மங்கலாகக் கேட்டால் மங்கலான பதில்தான் வரும்.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வரைந்தால் வகுப்பும் நன்றாக நடக்கும் என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. அப்படிச் சொன்னால் உங்கள் படம் மறுபடியும் ஒரு கற்பித்தல் துணைக்கருவி ஆகிவிடும். உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு மேல் அதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள். வேலைச் சோர்வுக்கு உளவியலாளர் மஸ்லாக் மூன்று முகம் சொல்கிறார்: களைப்பு, பிள்ளைகள்மேல் மனம் மரத்துப்போவது, 'என்ன செய்து என்ன பயன்' என்ற நினைப்பு. உங்கள் கடிதத்தில் முதலாவதுதான் தெரிகிறது. மற்ற இரண்டும் தலைகாட்டினால், அல்லது எதிலுமே பிடிப்பில்லாமலும் தூக்கம் கெட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

முதல் செவ்வாய்க்கிழமை குளத்தை எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே மின்னட்டை ஆகிவிட்டது. மாட்டுக்கொட்டகையில் தொடங்குங்கள், சாணி மெழுகிய தரைக்கும் வைக்கோலுக்கும் அந்த மூன்று நிறமே தாராளம்.