மோர்மன்களின் ஓட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய மதப்பிரிவினரான மோர்மன்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் 'பலதார மணத்தால்தான் ஊர் ஊராக விரட்டப்பட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் மகள் மிசூரியில் இருக்கிறாள். போன வருடம் போயிருந்தபோது இண்டிபெண்டென்ஸ் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். அங்கிருந்து அவர்களைத் துரத்தியது 1833ல். அப்போது பலதார மணம் பேச்சிலேயே இல்லையே? இன்னொன்று, இல்லினாயில் லிங்கன் உட்பட எல்லோரும் அவர்களை ஆதரித்ததாகப் படித்தேன். பிறகு நான்கே வருடத்தில் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொல்லும் அளவுக்கு என்ன ஆயிற்று? யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்வது சரி, அந்த வரி தப்பு. பலதார மணத்தை அவர்கள் வெளிப்படையாக அறிவித்ததே 1852ல், யூட்டா போன பிறகு. அதற்கு முன் இல்லினாயில் அவர்கள் கட்டிய நாவூ நகரத்தில் அது ரகசியமாக நடந்தது, கடைசி நாட்களில் கசிந்து பெரிய சண்டையும் ஆனது. ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டியது என் சோம்பேறித்தனம்.

1833ல், இண்டிபெண்டென்ஸ் இருக்கும் ஜாக்சன் கவுன்டிக்காரர்கள் கூடி ஓர் அறிக்கை போட்டார்கள். மதத்தைப் பற்றி அதில் நிறைய திட்டு இருக்கிறது, வடக்கிலிருந்து வந்த இவர்கள் அடிமைகளைத் தூண்டிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. அதோடு இன்னொரு பயமும் உண்டு: இப்படியே ஆட்கள் வந்துகொண்டிருந்தால் நாளைக்கு ஷெரிஃபும் நீதிபதியும் மோர்மன்களாகத்தான் இருப்பார்கள். அப்போது துணை ஆளுநராக இருந்த லில்பர்ன் பாக்ஸ் அதே ஊர்க்காரர், கடை வைத்திருந்தவர். பிறகு ஆளுநராகி, மோர்மன்களை மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும் அல்லது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று 1838 அக்டோபர் 27ல் உத்தரவு போட்டவரும் அவர்தான். அந்த வருடச் சண்டையே ஒரு தேர்தல் நாளில்தான் வெடித்தது: ஆகஸ்ட் 6, காலட்டின் ஊர், ஓட்டுப் போட வந்த மோர்மன்களைத் தடுக்கப் போய் கைகலப்பு. உத்தரவு வந்த மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 பேரைக் கொன்றார்கள். ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. அலெக்சாண்டர் டானிஃபன் என்ற வக்கீல். சட்டசபையில் இருந்தபோது 1836ல் மோர்மன்களுக்கென்றே கால்டுவெல் கவுன்டி உருவாக வழி செய்தவர். 1838ல் மாநிலப் படையில் அவரும் ஓர் அதிகாரி. கைதியான ஸ்மித்தைப் பொதுச் சதுக்கத்தில் சுட்டுவிடு என்று மேலதிகாரி உத்தரவிட்டபோது, இது கொலை, செய்ய மாட்டேன் என்று மறுத்தார்.

சரி, இல்லினாய். மிசூரியிலிருந்து அடிபட்டு வந்தவர்களைக் குவின்சி ஊர் மக்கள் நிஜமான இரக்கத்தோடுதான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கும் போட்டார்கள். விக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இழுபறி, அந்த நேரத்தில் சில ஆயிரம் பேர் ஒரே பக்கம் சாய்வார்கள் என்றால் யார் வேண்டாமென்பார்? 1840 டிசம்பரில் நாவூ நகரச் சாசனம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. நகரத்துக்கே சொந்தமாக ஒரு படை, ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் அதிகாரமுள்ள சொந்த நீதிமன்றம். லிங்கன் கதை நீங்கள் படித்ததை விட ருசியானது. அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மோர்மன்கள் விக் பட்டியலுக்கு (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கப் போகும் தேர்வாளர்களின் பட்டியல்) ஓட்டுப் போட்டார்கள், ஆனால் ஜனநாயகக் கட்சியையும் பகைத்துக்கொள்ள வேண்டாமே என்று, பட்டியலில் கடைசியாக இருந்த பெயரை மட்டும் இருநூறு பேர் போல அடித்துவிட்டு ஒரு ஜனநாயகக் கட்சிக்காரரின் பெயரை எழுதினார்கள். அடிபட்ட பெயர் லிங்கன்! அப்படியும் சட்டசபை உறுப்பினராக அவர் சாசனத்தை ஆதரித்து, கைகொடுத்து வாழ்த்தினார் என்று மோர்மன்களுக்காக அங்கே காரியம் பார்த்த ஜான் பென்னெட் எழுதியிருக்கிறார்.

நான்கு வருடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். என் கணிப்பில் திருப்பம் 1843 கோடையில் இருக்கிறது. மிசூரியின் பழைய வழக்குக்காக ஸ்மித்தை டிக்சன் ஊர்ப் பக்கம் வந்து பிடித்துவிட்டார்கள். விக் கட்சியின் காங்கிரஸ் வேட்பாளர் சைரஸ் வாக்கர், பேர்பெற்ற வக்கீல், பிரசாரத்துக்காகப் பக்கத்திலேயே இருந்தார். உங்கள் ஓட்டு எனக்கென்றால் வழக்கை எடுக்கிறேன், இல்லையென்றால் நேரமில்லை என்றார். கூசாமல் கேட்டார், ஸ்மித்தும் கூசாமல் ஒப்புக்கொண்டார். வாக்கர் நாவூ நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று வாதாடினார், ஸ்மித் விடுதலையானார். வாக்கருக்குச் சீட்டு கைக்குள் வந்துவிட்ட நிம்மதி.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, ஸ்மித் மேடையேறி, என் ஓட்டு வாக்கருக்குத்தான், வாக்குக் கொடுத்தேன் என்றார். அப்புறம் ஒரு வார்த்தை சேர்த்தார்: என் அண்ணன் ஹைரமுக்கு, மக்கள் ஜனநாயகக் கட்சியின் ஹோகுக்கு ஓட்டுப் போடுவது நல்லது என்று இறைவனிடமிருந்து வெளிப்பாடு வந்திருக்கிறது, ஹைரமுக்கு வந்த வெளிப்பாடு பொய்த்து நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான். அடுத்த நாள் ஸ்மித் சொன்னபடி வாக்கருக்குப் போட்டார், ஊர் ஹோகுக்குப் போட்டது, ஹோக் ஜெயித்தார். அந்த ஞாயிறும் ஆகஸ்ட் 6, காலட்டின் கைகலப்புக்குச் சரியாக ஐந்து வருடம். ஜனநாயகக் கட்சி ஆட்கள் சிலர், ஓட்டை எங்களுக்குத் திருப்பினால் ஸ்மித்தைப் பிடிக்க மாநிலப் படை வராது என்று ஆளுநரான தமக்குத் தெரியாமல் உறுதி கொடுத்திருந்ததாக ஆளுநர் தாமஸ் ஃபோர்டே பின்னாளில் எழுதினார்.

விக் கட்சிக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஜெயித்த கட்சிக்கும் உள்ளூரப் பயம்தான், இன்று நமக்கு விழுந்தது நாளைக்கு எங்கே விழுமோ என்று. ஒரே குழுவாக ஓட்டுப் போட்டது குற்றமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். இல்லை. கோர்ட்டும் ஆளுநரும் காப்பாற்றவில்லை என்பதை மிசூரியில் ரத்தத்தோடு கற்றவர்களுக்கு ஓட்டைத் தவிர கையில் என்ன இருந்தது? ஆனால் மேயர், நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, படைத்தளபதி, இறைத்தூதர் எல்லாம் ஒரே ஆளாக இருந்து, 1844ல் அவரே ஜனாதிபதி வேட்பாளராகவும் நின்றால், அக்கம்பக்கத்து ஊர்க்காரன் மிரள்வதையும் வெறும் மதவெறி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஜூனில், ஸ்மித்தை எதிர்த்து முதல் இதழ் கொண்டுவந்த ஒரு பத்திரிகையின் அச்சகத்தை நகர மன்ற உத்தரவின்பேரில் உடைத்தார்கள். காத்திருந்தவர்களுக்கு அது போதும். பாதுகாப்புக்கு நான் பொறுப்பு என்று ஃபோர்ட் சொன்னதை நம்பி ஸ்மித் கார்த்தேஜ் சிறைக்குப் போனார். ஜூன் 27 அன்று முகத்தில் கரி பூசிய கும்பல் உள்ளே நுழைந்தபோது ஃபோர்ட் நாவூவில் பேசிக்கொண்டிருந்தார். ஜோசப், ஹைரம் இருவரும் செத்தார்கள். எந்தச் சாசனத்தை எதிர்ப்பே இல்லாமல் கொடுத்தார்களோ, அதைச் சட்டசபை 1845 ஜனவரியில் பிடுங்கிக்கொண்டது.

தண்டனையா? ஐந்து பேர் மீது வழக்கு நடந்தது, 1845 மே மாதம் ஐவரும் விடுதலை. அதில் ஜேக்கப் டேவிஸ் என்பவர் அப்போதே மாநில செனட்டர். 1856ல் அவர் வாஷிங்டனுக்குக் காங்கிரஸ் உறுப்பினராகப் போனார்.

அன்புடன்.