ஆளுக்கு ஐந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் மலேசிய தின விழா. என் மகளைச் சீனர்களின் சிங்க நடனத்துக்கு முரசு அடிக்கச் சேர்த்திருக்கிறார்கள். ‘பரதம் ஆட வேண்டிய பிள்ளை’ என்று உறவினர்கள் முகம் சுளிக்கிறார்கள். நம் கலைக்கே அரசு ஆதரவு இல்லை, அடுத்தவர் கலையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வ., கிள்ளான்

அன்புள்ள வ.,

பிள்ளை அடிக்கட்டும் அம்மா. அரசு ஆதரவு பற்றி நாம் புலம்பாத புலம்பலா, அதை விடுங்கள். ‘அடுத்தவர் கலை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் நின்றுவிட்டேன். நானும் அதைச் சொல்லி மூக்குடைபட்டவன்.

மலாக்காவில் செட்டிகளின் கிராமத்தில் ஒரு கல்யாண வீடு. சுல்தான்கள் காலத்தில் வாணிபத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர்களின் வழி. சாமி நம் சாமி, வீட்டுப் பேச்சு மலாய். அன்று டொண்டாங் சாயாங் என்ற மலாய்ப் போட்டிப் பாட்டு நடந்தது. ஒரு வயலின், இரண்டு ரெபானா மேளம், ஒரு கோங் மணி, அவ்வளவுதான். ஒருவர் பந்துன் என்ற நாலடிப் பாட்டைப் பாடுவார், மீனையோ மரத்தையோ சொல்லி இரண்டடி, விஷயம் அடுத்த இரண்டடியில். எதிரே நிற்பவர் அங்கேயே பதில் கட்ட வேண்டும். நம் எசப்பாட்டேதான். திருநீறு பூசிய ஒரு பெரியவர் அன்று எல்லோரையும் மடக்கினார். நான் பெரிய மனுஷத்தனமாகப் போய், “பாக்சிக், நம்ம பாட்டு ஒன்று பாடக்கூடாதா?” என்றேன், அதையும் மலாயில்தான் கேட்க முடிந்தது. “இவ்வளவு நேரம் எதைப் பாடினேன்?” என்றார். பதில் கட்ட எனக்கு வரவில்லை.

2018-இல் யுனெஸ்கோ டொண்டாங் சாயாங்கைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மலாய்க்காரர், மலாய் வழக்கங்களோடு கலந்த சீன வம்சத்தாரான பாபா நியோன்யா, செட்டி, போர்த்துகீசிய வம்சத்தார் என நான்கு சமூகத்தையும் சொல்லித்தான் சேர்த்தது.

நம் பள்ளி விழாக்களைப் பாருங்கள். மலாய் நடனம் ஐந்து நிமிடம், சீனம் ஐந்து, பரதம் ஐந்து, சரவாக் உடையில் ஐந்து, கடைசியில் எல்லோரும் கொடியசைப்பு. தன் பிள்ளை ஆடி முடித்ததும் பெற்றோர் பாதிப் பேர் கேண்டீனில். நீங்களும் போயிருப்பீர்கள், பொய் சொல்லாதீர்கள்! வரிசையில் நிற்பதற்கு ஒற்றுமை என்று பேர் வைத்திருக்கிறோம். அந்தப் பெரியவர் எதிராளியின் கடைசிச் சொல்வரை காதில் வாங்காமல் வாயைத் திறக்க முடியாது, அசந்தால் மானம் போய்விடும். உங்கள் மகளுக்கும் அதே கதிதான், சிங்கத் தலையிலிருந்து கண்ணை எடுத்தால் அடி தவறிவிடும்.

பரதம் வேண்டுமா என்று அவளையே கேளுங்கள். அந்த உறவினர்களை விழாவன்று முன்வரிசையில் உட்கார வையுங்கள், கேண்டீன் பக்கம் விடாதீர்கள். தேதியை எனக்கும் எழுதுங்கள்.