ஓவர்க்ளாக் செய்த (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டிய) கிராஃபிக்ஸ் கார்டில் பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் வருகின்றன. கார்டு போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. மூன்று மாதம் நன்றாக ஓடியது, வெயில் ஏறியதும் புள்ளி வர ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. எனக்கும் அச்சு அசலாக இதேதான் நடந்தது.

மன்னார்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வேலை முடிந்தால் அதே கம்ப்யூட்டரில் கேம். கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். மார்கழி ராத்திரி ஒன்றில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோருக்கு (கார்டின் முதன்மைச் சில்லு) 120 மெகாஹெர்ட்ஸ், மெமரிக்கு 900 என்று ஏற்றினேன். கார்டைச் சூடேற்றிச் சோதிக்கும் ஃபர்மார்க்கை ஒரு மணி நேரம் ஓட்டியும் ஒரு புள்ளி இல்லை. விண்டோஸ் தொடங்கும்போதே அந்த எண்கள் ஏறிக்கொள்ளும்படி வைத்துவிட்டு, அதை மறந்தும் போனேன்.

சித்திரையில் ஒரு முகூர்த்த வீடியோ. பெண்ணின் கட்டம் போட்ட கூறைப்புடவையில் அங்கங்கே மினுமினுப்பு. ஜரிகை என்று நினைத்தேன், அழகாகக்கூட இருந்தது. அடுத்த காட்சியில் நாதஸ்வரக்காரரின் வெள்ளைச் சட்டையிலும் அதே மினுமினுப்பு, பச்சை நிறத்தில். வயிற்றைக் கலக்கிவிட்டது. கார்டைக் கழற்றிக்கொண்டு ஒரு கடைக்கு ஓடினேன். "சிப் போயிடுச்சு தம்பி, ரீபால் பண்ணணும்" என்றார் கடைக்காரர். சிப்பைக் கழற்றி மறுபடி பற்றவைக்கும் அந்த வேலைக்கான தொகையைக் கேட்டதும் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நல்லவேளை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில், புள்ளி தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் புள்ளி இருந்தால் கோளாறு கார்டுக்குள் நடக்கிறது. படம் சுத்தமாக இருந்தால், கார்டைவிட்டு வெளியேறும் வழியில், அதாவது கேபிளிலோ மானிட்டரிலோ இருக்க வாய்ப்பு அதிகம். எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள். என் கதையில் எக்ஸ்போர்ட் ஆன ஃபைலிலேயே புள்ளி ஏறியிருந்தது. எஃபெக்ட் எல்லாம் கார்டில்தானே ரெண்டர் ஆகிறது!

இன்னொன்று, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையில் கோடு வருகிறதா என்று பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் ஏற்றிய எண்கள் விண்டோஸ் வந்த பிறகுதான் வேலை செய்யும். பயாஸிலேயே கோடு என்றால் ஓவர்க்ளாக்கைக் குறைத்துப் பயனில்லை, அது வேறு நோய். கிரிப்டோ நாணயம் எடுக்க ஓட்டி, செகண்ட் ஹேண்டாக விற்ற மைனிங் கார்டு மட்டும் விதிவிலக்கு. அதில் கார்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸை மாற்றி எழுதியிருக்கலாம். அப்படியானால் எண்கள் விண்டோஸுக்கு முன்பே ஏறியிருக்கும்.

பயாஸ் சுத்தம், ஸ்கிரீன்ஷாட்டில் புள்ளி. அப்படியானால் ஆஃப்டர்பர்னரில் ரீசெட் அழுத்தி, தொடக்கத்தில் தானாக ஏறும் டிக்கையும் எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். புள்ளி நின்றுவிட்டால் பிரச்சினை எண்களில்தான். அப்புறம் கோரைத் தொடாமல் மெமரியை மட்டும் ஏற்றுங்கள். அதை இறக்கிவிட்டுக் கோரை மட்டும் ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து நோண்டினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. நான் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். சிதறிய புள்ளிகள், சதுரங்கக் கட்டம், படத்தில் நிறம் மாறுவது எல்லாம் பெரும்பாலும் மெமரியின் வேலை. கேம் மூடிக்கொள்வது, திரை கறுத்துத் திரும்பி வருவது பெரும்பாலும் கோர். கார்டு 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் திரும்பத் தொடங்கும், அந்தக் கறுப்பு அதுதான்.

நான் ஏமாந்தது எங்கே என்றால், திரையில் 74 டிகிரி என்று காட்டியதை நம்பினேன். அது கோரின் வெப்பம். என் கார்டில் மெமரியின் வெப்பத்தைக் காட்டும் எண்ணே கிடையாது. அந்தச் சில்லுகள் கோரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மெத்தென்ற தெர்மல் பேட் வழியாகத்தான் அவற்றின் சூடு வெளியேற வேண்டும். மார்கழியில் என் அறை 24 டிகிரி, கத்திரியில் 36. அந்த 12 டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே சில்லுகளின் தலையில் ஏறியிருக்கும். ஃபர்மார்க்கும் கோரைத்தான் வறுக்கும், மெமரிப் பிழையைத் தேடிப் பிடிக்காது. அதற்கு ஓசிசிடி என்ற மென்பொருளில் வீடியோ மெமரிச் சோதனை இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு, ஜன்னலை மூடிவிட்டு ஓட்டுங்கள். ஒரு பிழை காட்டினாலும் மெமரியை 50 இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

புள்ளி வராத வரை ஏற்றிக்கொண்டே போகலாமா என்றால், அதுவும் கூடாது. ஜிடிடிஆர்5 என்ற பழைய மெமரி வகையின் காலத்திலிருந்தே மெமரிக்கும் கோருக்கும் இடையே போகும் தகவலில் பிழையைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு உண்டு. பிழை என்றால் திரும்ப அனுப்ப வேண்டும். திரை சுத்தமாகத்தான் இருக்கும், விநாடிக்கு வரும் படங்கள், அதாவது ஃப்ரேம், மட்டும் குறையும். ஒவ்வொரு 50க்கும் ஃப்ரேம் கணக்கைக் குறித்து வையுங்கள். எங்கே ஏறுவது நிற்கிறதோ அதற்குக் கீழே நின்றுவிடுங்கள்.

தூசி. அறுவடை மிஷின் வயலில் இறங்கினால் எங்கள் தெருவில் பத்து நாளைக்குப் பதர் பறக்கும். மூடியைக் கழற்றினால், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் மஞ்சளாக ஒரு மெத்தை. சைக்கிள் கடை கம்ப்ரஸரில் ஊதாதீர்கள், காற்றோடு தண்ணீரும் வரும். சின்ன பிளோயர் போதும், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். ஹீட் கன்னால் காய்ச்சுவது, ஓவனில் (மின் அடுப்பில்) வைப்பது என்று வீடியோ காட்டுவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இங்கே எதற்கெடுத்தாலும் வோல்டேஜைத்தான் திட்டுவோம், சாயங்காலம் மோட்டார் போட்டுவிட்டார்கள் என்று. பவர் சப்ளையில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால், அந்த இறக்கத்துக்கெல்லாம் புள்ளி வராது. பெயர் தெரியாத மலிவு சப்ளை என்றால் சந்தேகப்படலாம்.

இப்போது என்னுடையது கோர் 80, மெமரி 500. கத்திரி முழுக்க ஒரு புள்ளி இல்லை. உண்மையைச் சொன்னால், இவ்வளவு ஏற்றியும் எக்ஸ்போர்ட்டில் எனக்கு மிச்சமானது ஏதோ இரண்டு நிமிஷம். அந்த முகூர்த்த வீடியோவை முதலிலிருந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, நான்கு நாள் தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏன் தம்பி இவ்ளோ லேட்டு?" என்றார் பெண்ணின் அப்பா.

"வோல்டேஜ் சரியில்லீங்க" என்றேன்.