வாசகர் கேள்விகள்: சாரசக் கொக்கும் சதுப்பு நிலமும்

கேள்வி: வறண்டுபோகும் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஆழமாக்கினால் சாரசக் கொக்குகள் பெருகுமா?

பதில்: பெருகாது, இருப்பவையும் போய்விடும். ஆளுயரம் வளரும் இந்தப் பறவைகள் நீந்தி இரை பிடிப்பவை அல்ல, நடந்து தேடுபவை. இரவில் தங்குவதும் காலளவு நீரில்தான். நரியோ நாயோ நெருங்கினால் தண்ணீரின் சலசலப்பே எச்சரித்துவிடும். ஆகவே மண்வெட்டியைத் தோண்ட எடுக்காதீர்கள். நீரை வெளியேற்றும் வடிகால்களை மண்ணிட்டு அடைக்க எடுங்கள். கூடவே ஒரு மடை வைத்தால் நீர்மட்டத்தை மெல்ல மெல்ல மாற்றலாம்.

கூடு என்பது நாணலும் கோரையும் குவித்து நீருக்கு நடுவே எழுப்பிய மேடு. பெரும்பாலும் 2 முட்டைகள். அடைகாப்பு ஒரு மாதத்துக்குச் சற்று மேல். அந்த நாட்களில் மடையைத் தொடவே கூடாது. மட்டம் உயர்ந்தால் முட்டை மூழ்கும். வடிந்தால் வேட்டை விலங்குகள் கூடுவரை நடந்தே வந்துவிடும். பல கூடுகள் இப்படித்தான் வீணாகின்றன, தடுக்கக்கூடிய இழப்பு இது.

கேள்வி: அருகில் மின்கம்பி போகிறது. ஆபத்தா?

பதில்: பெரிய ஆபத்து. கனத்த உடல், சட்டெனத் திரும்ப முடியாது. உச்சியில் ஓடும் மெல்லிய தரைக்கம்பி (மின்னலை நிலத்துக்குக் கடத்தும் கம்பி) மங்கிய ஒளியில் கண்ணில் படாது. அதில் பளிச்சென்ற சுருள்களையோ ஒளியை எதிரொளிக்கும் தட்டுகளையோ மாட்டும்படி மின்துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.