வேலூர் வெயிலைத் தாங்கிப் பல வருஷம் பூக்கும் செடிகள் எவை?

காட்பாடியில் வீட்டு முன்னால் நாள் முழுக்க வெயில், தண்ணீரோ குறைவு, வருஷா வருஷம் புதிதாக நடாமல் எதை வளர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் ஓட்டு காகிதப்பூவுக்கு. வண்ணத்தாள் போல இருப்பது உண்மையில் இலைதான்; நடுவில் உள்ள சின்ன வெளிர்க் குழல்தான் பூ. தாராளமாகத் தண்ணீர் விட்டால் இலையாகத் தள்ளும், பூக்காது. மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள், புதுக் கிளைகளில் மறுபடி பூக்கும். முள் உண்டு, வாசற்படி ஓரம் வேண்டாம்.

அப்புறம் நித்தியகல்யாணி. விதை தானே விழுந்து முளைக்கும். வேரில் தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. அரளியும் தாங்கும், ஆனால் எல்லாப் பாகமும் விஷம், சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் வைக்க மாட்டேன். ஆவாரையை யாரும் தோட்டச்செடியாக மதிப்பதில்லை, பொங்கலுக்கு மட்டும் தேடுவார்கள்! நம் பக்கத்துக் கரம்பில் தானே வளர்வது. விதைத்தோல் கடினம் என்பதால் வெந்நீரில் ஊறவைத்து விதையுங்கள்.

வறட்சி தாங்கும் என்றால் நட்ட மறுநாளே தாங்கும் என்று அர்த்தமில்லை. சித்திரையில் நட்டு நானே நாலு செடியைக் கருகவிட்டிருக்கிறேன். புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்டால் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதற்குள் வேர் இறங்கிவிடும். முதல் கோடையில் மட்டும் வாரம் இரண்டு முறை ஆழமாக ஊற்றி, அடியில் காய்ந்த இலையைப் பரப்பிவிடுங்கள்.