பில்லரைச் சுற்றி வட்ட விரிசல்: தொட்டி வைக்கலாமா?

கேள்வி: காட்பாடியில் பீம் இல்லாமல் தளம் போட்ட கடை எங்களுடையது. பில்லர் 12 அங்குலம், தளம் 6 அங்குலம், பில்லருக்குப் பில்லர் 15 அடி. மாடியில் நடுப் பில்லருக்கு நேர் மேலே வட்டமாக விரிசல். பக்கத்தில் 5000 லிட்டர் தொட்டி வைக்க வேண்டும். மேலே 2 அங்குலம் கான்கிரீட் போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: சரியில்லை. முதலில் அந்தப் பில்லரைச் சுற்றி ஜாக்கி முட்டுக் கொடுங்கள், அங்கே அடுக்கிய சரக்கை நகர்த்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பீம் இல்லாத தளத்தில் மொத்தப் பாரமும் பில்லர் தலையைச் சுற்றிய சின்ன வளையம் வழியாகத்தான் இறங்கும். தாங்காவிட்டால் விரல் நுனியில் வைத்து அழுத்திய அப்பளம்போலப் பில்லர் தளத்தைக் குத்திவிடும். பஞ்சிங் ஷியர் என்பது இதுதான். பெரிதாக முன்னறிவிப்புத் தராது. விரிசலும் மேல்பக்கம்தான் முதலில் வரும். கீழிருந்து பார்த்தால் பூச்சு பளிச்சென்று இருக்கும். மாடியில் தட்டோடு (தள ஓடு) ஒட்டியிருந்தால் மேல் விரிசலும் தெரியாது. உங்கள் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம்.

ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) முறைப்படி, எம்20 தரக் கான்கிரீட் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். அந்த வளையம் பத்திரமாகத் தாங்குவது சுமார் 15 டன். ஒரு பில்லருக்குரிய தளத்தின் சொந்த எடையே 8 டன். தட்டோடு, ஆட்கள் என்று கூட்டினால் கணக்கு நிரம்பிவிடுகிறது. கான்கிரீட் போட்ட அன்று மேல் கம்பியை மிதித்து இறக்கியிருந்தால் (நம் ஊரில் மிதிக்காத சைட் எது?) அந்த 15 டன்னும் இல்லை. மேஸ்திரி சொல்லும் 2 அங்குலம் இன்னும் இரண்டரை டன் ஏற்றும்.

பலப்படுத்த, பில்லர் தலையைச் சுற்றி, தளத்துக்கு அடியில், 24 அங்குலச் சதுரத்துக்குக் கான்கிரீட் காலர் (பட்டை) கட்டலாம். ஆழம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வளையம் அகலமாவதால் தாங்குதிறன் சுமார் 26 டன்னாகும். பூச்சைக் கொத்தி, பில்லர் முகத்தைச் சொரசொரப்பாக்கி, துளையிட்டு எபாக்சிப் பசையில் கம்பி நடவேண்டும். தளத்தில் துளை போட்டு மேலிருந்தே சுருங்காத மைக்ரோ கான்கிரீட்டை ஊற்றுங்கள். காலருக்கும் தளத்துக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் செய்தது வீண். துளைக்கு முன் கவர் மீட்டரால் கம்பி எங்கே என்று பார்த்துவிடுங்கள். மேல் கம்பி ஒன்றுகூட அறுபடக் கூடாது. செங்கல் வைத்துப் பூசும் அலங்காரக் காலர் எதையும் தாங்காது.

2021 நவம்பர் 29 அன்று வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது நினைவிருக்கும். பக்கவாட்டில் ஆடும்போது பில்லரும் தளமும் சேரும் இந்த இணைப்புதான் முதலில் திணறும். அதனால் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து, பலம் பார்க்கக் கான்கிரீட் கோர் (உருளைத் துண்டு) எடுத்து, வரைபடம் தந்த பிறகே வேலை தொடங்குங்கள்.

தொட்டியைத் தளத்தில் வைக்க வேண்டாம். ஓரப் பில்லர்களுக்கு நேர் மேலே குட்டைத் தூண் எழுப்பி, பீம் போட்டு அதன்மேல் வைக்கலாம். 5 டன் தண்ணீரை அஸ்திவாரம் ஏற்குமா என்பதையும் பொறியாளரிடமே கேளுங்கள்.