கால் மடங்கி கணுக்கால் வீங்கியிருக்கிறது: சுளுக்கா, எலும்பு முறிவா? நீவி விடலாமா?

நீவ வேண்டாம். முதல் மூன்று நாளைக்கு எண்ணெய் தேய்ப்பது, சூடாகப் பத்துப் போடுவது, வெந்நீர் ஒத்தடம் எதுவுமே கூடாது. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்க லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) கிழிந்து உள்ளே ரத்தம் கசியும். சூடும் நீவுவதும் அதை அதிகமாக்கும். எலும்பில் விரிசல் இருந்தால், நீவுவதாலேயே எலும்பு விலகிவிடக்கூடும்.

வீக்கத்தை வைத்து முறிவா என்று முடிவு செய்யாதீர்கள், வெறும் சுளுக்கே நன்றாக வீங்கும். கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த முறைதான் நம்பகமானது. கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை ஒரு விரலால் அழுத்துங்கள். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகப் பின்னால் வந்தால் பாதி தூரத்தில் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அங்கேயும், உள்வளைவின் உச்சியில் உள்ள எலும்பிலும் அழுத்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே சுரீரென்றாலோ, மடங்கிய உடனேயும் இப்போதும் நொண்டிக்கூட நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். வெளிக்கணுவுக்குச் சற்று முன்னே, கீழே மட்டும் வலித்தால் பெரும்பாலும் சுளுக்குதான். வளரும் பிள்ளைகளுக்கும், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கும் இந்தச் சோதனை போதாது; நேரே டாக்டரிடம் காட்டுங்கள்.

சுளுக்கென்றால் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொருமுறை. கிரேப் பேண்டேஜ் 10 செ.மீ. அகலம் வாங்குங்கள். பலர் கணுக்காலை மட்டும் சுற்றிவிடுவதால் பாதம் கொழுக்கட்டையாக உப்பிவிடுகிறது. விரல்களின் அடியில் தொடங்கி, எட்டு வடிவில் சுற்றி, குதிகாலையும் மூடி மேலே ஏறுங்கள். மேலே போகப் போக இறுக்கம் குறைய வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ அவிழ்த்துக் கட்டுங்கள். தூங்கும்போது கட்டு வேண்டாம், காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தால் போதும்.

இரண்டு மூன்று நாளில் வலி தாங்கும் அளவுக்கு அசைக்கத் தொடங்குங்கள். உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள். வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் மூட்டு இறுகிவிடும்.

வலி போனதும் எல்லாரும் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதிலும் லிகமெண்டுக்குப் பங்குண்டு. அந்த உணர்வு திரும்பாததால்தான் அதே கால் மறுபடி மடங்குகிறது. தினமும் சுவரருகே ஒற்றைக்காலில் 30 விநாடி நில்லுங்கள். ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. ஆறு வாரமாவது செய்யுங்கள். ஒரு வாரமாகியும் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, கெண்டைக்காலின் நடுவில் இருபுறமும் சேர்த்து அமுக்கினால் கணுக்காலில் வலித்தாலோ, எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.